ஏழாவது தூணில் முப்பத்தெட்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாட்ச்மேன் வேம்புலியைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் முழுதாகச் சொல்வான். கூட ஒரு பன் வாங்கிக் கொடுத்தால் நடக்காததையும் சேர்த்துச் சொல்வான், அதனால் டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பேய் என்றால் அமாவாசை, நடுராத்திரி, ஊளையிடும் நாய் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். இந்தப் பேய்க்கு அந்தப் பட்டியல் தெரியாது. ரூபஸுக்கு அது வந்தது ஒரு புதன்கிழமை காலை, மணி பத்து நாற்பதுக்கு. வெளியே மண்டை பிளக்கும் வெயில். நாய் ஒன்று இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் லாரி நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. கடைசிவரை அது எழுந்திருக்கவே இல்லை.

ரூபஸுக்கு வயது நாற்பத்தேழு. லைசென்ஸ் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன். கரண்டைத் தவிர எதற்கும் அவன் பயந்து யாரும் பார்த்ததில்லை. அதுவும் பயமில்லை, மரியாதை என்பான்.

அன்றைக்கு எஸ்டேட்டில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை கரண்ட் கிடையாது. அந்த நாளாகப் பார்த்துத்தான் தட்சிணாமூர்த்தி அவனை வரச் சொல்லியிருந்தார்.

தட்சிணாமூர்த்தியின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ஆறு வரி இருக்கும். தொழிலதிபர், சமூக சேவகர், வாஸ்து ஆர்வலர், தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த ஆறு வரியும் நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு பழைய லேத் ஷெட்டின் மேல். இப்போது மெஷின்களை விற்றுவிட்டு ஷெட்டை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு விடப்போகிறார். அவர்கள் எர்த் சரியாக இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ளவன் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கேட்டார்கள்.

"ரூபஸ், நம்ம ஸ்பேஸ்ல பாசிட்டிவ் எனர்ஜி ஜாஸ்தி" என்றார் போனில். "எர்த்தெல்லாம் பக்கா. நீங்க சும்மா ஒரு சைன் போட்டாப் போதும்."

"டெஸ்ட் பண்ணாம போட முடியாது சார்."

"பண்ணுங்க, பண்ணுங்க. பிராசஸ் மேல எனக்கு ரொம்ப நம்பிக்கை. அஞ்சு மணிக்குப் பேப்பர் டேபிள்ல இருக்கணும்."

ரூபஸ் ஒத்துக்கொண்டான். ரிப்போர்ட்டுக்காக இல்லை. அந்த ஷெட்டின் கூரையில் அவன் ஒளித்து வைத்த ஒன்று இருந்தது. வேறொருவன் கண்ணில் படுவதற்குமுன் அதை எடுத்துவிட வேண்டும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்து ஷெட்டுகளில் எர்த்துக்கென்று தனிக் கம்பி இழுக்கமாட்டார்கள். ஒயர்களை உள்ளே வைத்துக்கொண்டு சுவரெல்லாம் ஓடுகிறதே இரும்புக் குழாய், அதுதான் எர்த். மெஷின் உடம்பில் கரண்ட் கசிந்தால் குழாய் வழியாக ஓடிப்போய் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஃபியூஸ் போகும், ஆள் பிழைப்பான். ஆனால் குழாய் கோடிக்குக் கோடி முழு இரும்பாக இருக்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் அறுந்தாலும் போச்சு. அதற்கு அந்தப் பக்கம் உள்ள இரும்பெல்லாம் ஒரு கைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த ஷெட்டுக்கு ஒயரிங் செய்தவர்கள் ரூபஸும் ராயப்பனும். ரூபஸ் சி.எஸ்.ஐ., ராயப்பன் ஆர்.சி. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் சர்ச்சுக்கு வேறு வேறு திசையில் போவார்கள். மற்றபடி ஒரே ஏணி, ஒரே டிபன் கேரியர். லேத் சத்தத்தில் கத்தினால் காதில் விழாது என்பதால் குழாயிலேயே பேசிக்கொள்வார்கள். கட்டிங் பிளேயரால் ஒரு தட்டு தட்டினால், "பிடிச்சிட்டேன்." இரண்டு தட்டினால், "விடு." மூன்று தட்டினால், "சாப்பிடப் போலாம்." நூறடி தள்ளி இருந்தாலும் இரும்பு கொண்டுவந்து சேர்த்துவிடும்.

டீ நேரத்தில் இன்னொரு விளையாட்டு உண்டு. மீட்டரின் இரண்டு முனையையும் ஆளுக்கொரு தடவை இரண்டு கையில் பிடித்து, உடம்பு கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. காய்ந்த கை என்றால் பெரிய எண் காட்டும். ரூபஸுக்கு நானூறுக்கு மேல் போகும். ராயப்பனுக்கு மார்கழியிலும் உள்ளங்கை வியர்க்கும். அவன் பிடித்தால் எப்போதும் முப்பத்தெட்டு.

"உன்ன ரெண்டு பக்கமும் புடிச்சுக் கட்டிட்டா எர்த்தே வேணாம் மச்சான்" என்று ரூபஸ் சிரிப்பான்.

அந்த ஷெட்டில் வேலை முடிகிற கடைசி நாள், மாலை ஆறரை. மறுநாள் காலை திறப்பு விழா. கூரையோரம் ஏழாவது தூணுக்கு மேலே ஒரு முழம் குழாய் குறைந்தது. ராயப்பன் பெயிண்ட் வாங்கப் போயிருந்தான். ரூபஸ் பையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு இருந்தது. அறுத்துச் சொருகினான். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். அரை மணியில் ராயப்பன் வெள்ளி பெயிண்டோடு வந்து, பாட்டுப் பாடிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒரு கை அடித்துவிட்டான். இரும்பும் பிளாஸ்டிக்கும் ஒரே வெள்ளியாய் மின்னின.

அந்த 'நாளைக்கு' எட்டு வருஷம் ஓடியது.

எட்டாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டில் கம்ப்ரஸர் தவிர எதுவும் ஓடவில்லை. மாலை நான்கு மணிக்கு உள்ளே போன வேம்புலி பார்த்தது, விழுந்து கிடந்த ஏணியும் பக்கத்தில் ராயப்பனும். ஷாக். காலையிலேயே உயிர் போயிருந்தது. லீவு நாளில் யாரிடமும் சொல்லாமல் அவன் ஏன் அங்கே தனியாகப் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி ரூபஸைக் கேட்டார், "இந்த லைன் யாரு இழுத்தது?"

ரூபஸ் சொன்னான், "ராயப்பன்."

ஒரே ஒரு சொல். அதற்குப்பின் எல்லாவற்றையும் தட்சிணாமூர்த்தி பார்த்துக்கொண்டார். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசும் தன்னம்பிக்கைப் பேச்சில் அவருக்கு ஒரு புது உதாரணம் கிடைத்தது. அரைகுறையாக வேலை செய்து, தன் வேலையாலேயே செத்த ஓர் எலெக்ட்ரீஷியன். "குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விட்டது பார்த்தீர்களா?" கைதட்டல். திருமழிசைப் பக்கம் ஒரு கல்லூரியில் கைதட்டியவர்களுக்கு நடுவே ராயப்பனின் மகள் ஸ்வீட்லின் உட்கார்ந்திருந்தாள். இதை அவள் அம்மா தெரசா ரூபஸிடம் சொன்னாள். அழவில்லை, சும்மா சொன்னாள். ரூபஸ் அதற்குப்பின் அந்த வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டான்.

ஆக, புதன்கிழமை அவன் போனது அந்த ஒரு முழத்தைக் கழற்றி எறிய. எறிந்துவிட்டால் அது அங்கே இருந்ததற்கு ஒரே சாட்சி அவன்தான்.

"இன்னா நைனா, தனியா வந்துகிற?" என்றான் வேம்புலி. "அந்த அண்ணாத்தே போனதுக்கப்பறம் ஜோடி சேத்துக்கவே இல்லியா?"

"ஆள் கிடைக்கல."

"கெடைக்காது. அவரு வேற மாரி ஆளு." வேம்புலி கேட்டைத் திறந்தான். "ஒண்ணு சொல்லட்டா? அவரு போயி ஆறு வருசம். அந்தக் கடேசி மிஷின்ல நாலு பேரு மாறி மாறி வேலை செஞ்சானுங்க. ஒருத்தனக்கூட கரண்டு தொட்டதில்ல. ஓனரு, பிரமிடு வச்சதாலதான்னு சொல்லிக்கினு திரியிறாரு."

வாசலுக்கு மேலே செம்பில் ஒரு பிரமிடு உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு மாலை வேறு.

ரூபஸ் மட்டும் உள்ளே போனான்.

காலி ஷெட். தூண்கள், எண்ணெய்க் கறை, மேலே ஓடும் வெள்ளிக் குழாய். மெயினை இறக்கிப் பூட்டினான். கடைசிக் கோடியில், மெஷின் இருந்த இடத்தில், ஓர் ஒயரைக் குழாயோடு சேர்த்துக் கட்டினான். நூறடி நடந்து போர்டுக்கு வந்தான். அதே ஒயருக்கும் குழாய்க்கும் நடுவே மீட்டரை வைத்தான்.

குழாய் முழு இரும்பாக இருந்தால் மீட்டர் கீச்சென்று கத்தும், எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அறுந்திருந்தால் கோடு மட்டும் காட்டும். நடுவில் பிளாஸ்டிக். கோடுதான் வரும். அவனுக்குத் தெரியும்.

மணி பத்து நாற்பது.

மீட்டர் 38 காட்டியது.

ஈரம் என்று நினைத்தான். ஒரு மாதமாக மழை இல்லை. பேட்டரி என்று நினைத்தான். புது பேட்டரி போட்டான். 38. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான்.

38.

எண் லேசாக அசைந்தது. முப்பத்தேழு... முப்பத்தெட்டு... முப்பத்தேழு. ஈரச் சுவர் அப்படி அசையாது. பிடித்திருக்கும் கைதான் அசையும்.

பதினொன்று ஐந்துக்கு ஏழாவது தூணில் ஏணியைச் சாய்த்தான். மீட்டரோடு ஏறினான். பிளேயரால் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தான். டங்... டங்... டங்... டொக்.

அதுதான். அவனுடைய ஒரு முழம். கோணலாக அறுத்த முனைகூட அப்படியே இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தான்.

பிளாஸ்டிக்குக்கு இந்தப் பக்கம், இரும்பின் மேல், வெள்ளி பெயிண்ட் கருகியிருந்தது. நான்கு சின்னக் கறைகள், வரிசையாக. அந்தப் பக்க இரும்பிலும் நான்கு. ரூபஸ் தன் இரண்டு கையையும் தூக்கி, தொடாமல், அவற்றுக்கு நேரே வைத்துப் பார்த்தான்.

விரல்கள் சரியாகப் பொருந்தின.

பல்பு மாற்ற ஏறியிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். ராயப்பன் பல்பு மாற்ற ஏறவில்லை. என்றைக்கோ தட்டிப் பார்த்திருக்கிறான். டொக் என்ற சத்தம் அவன் காதில் விழுந்திருக்கிறது. குழாயைத்தானே தொடப்போகிறோம் என்று மெயினை இறக்காமல் ஏறி, இரண்டு பக்கமும் பிடித்து, பிளாஸ்டிக்கை உருவப் பார்த்திருக்கிறான். எங்கோ கசிந்த கரண்ட் அந்தப் பக்க இரும்பில் காத்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்க இரும்பு மண்ணோடு சேர்ந்திருந்தது. நடுவே அவன்.

ரூபஸ் ஏணியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு பிளேடை எடுத்தான். உள்ளே ஒயரில் படாமல் பிளாஸ்டிக்கை நீளவாக்கில் கீறிப் பிரித்தான். அது அவன் கையோடு வந்தது. இப்போது இரண்டு இரும்பு முனைகள், நடுவே ஒரு முழம் காற்று. பழைய ஒயர்கள் மட்டும் தொங்கின.

மீட்டரின் இரண்டு கிளிப்பையும் இரண்டு முனையில் மாட்டினான்.

38.

ஒரு முழம் வெறும் காற்று...

38.

மணி பதினொன்று இருபது.

டங்.

கடைசிக் கோடியிலிருந்து. ஒரே ஒரு தட்டு. குழாய் அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் அதிர்ந்தது.

"வேம்புலி..."

"இன்னா நைனா?" குரல் வெளியே கேட்டிலிருந்து வந்தது.

"உள்ள யாராச்சும் வந்தாங்களா?"

"நீ மட்டும்தான் கீற. நானும் நாயும் இங்க கீறோம்."

ரூபஸ் பிளேயரைத் தூக்கினான். இரண்டு தட்டு தட்டினான்.

விடு.

மீட்டரில் எண் போயிற்று. கோடு மட்டும். ஷெட் முழுக்க அமைதி.

பிறகு...

டங்.

38.

பிடிச்சிட்டேன்.

ரூபஸுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு வருஷம். நாலு பேர். ஒருவனையும் கரண்ட் தொடவில்லை. கணக்குப்படி முப்பத்தெட்டு வைத்துக்கொண்டு யாரையும் காப்பாற்ற முடியாது. அந்தக் கணக்கை ராயப்பனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நான்தான் மச்சான்" என்றான். "நான் போட்டதுதான். நாளைக்கு மாத்தலாம்னு..."

மீட்டர் அசைந்தது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

"அவங்க கேட்டப்போ உன் பேரைச் சொல்லிட்டேன்."

38.

"கை வலிக்குமேடா..."

38.

பையிலிருந்து இரண்டு கிளாம்பை எடுத்தான். இந்த முனையின் பெயிண்டைப் பளபளவென்று சுரண்டி ஒன்றை இறுக்கினான். அந்த முனையைச் சுரண்டி மற்றதை இறுக்கினான். நடுவே கனத்த செம்புக் கம்பி. கண் தெரியவில்லை, தடவித்தான் முடுக்கினான். ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்தான். பத்து நிமிஷ வேலை. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

கடைசித் திருகு இறுகியதும் மீட்டர் கீச்சென்று கத்தியது. பூஜ்யம்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

இனி ஒன்றுதான் பாக்கி. பிளேயரைத் தூக்கினான். இறக்கினான். மறுபடி தூக்கினான்.

டங்... டங்.

விடு மச்சான்.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை...

மணி சரியாக ஒன்று.

டங். டங். டங்.

அவ்வளவுதான். அதற்குப்பின் எவ்வளவு தட்டியும் பதில் இல்லை. வெறும் குழாய்.

ரூபஸ் இறங்கி, தரையில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டை நிரப்பினான். குறிப்பு என்று போட்டிருந்த இடத்தில் எழுதினான்: 'ஏழாவது தூணுக்கு மேல் எர்த் குழாயில் பிளாஸ்டிக் துண்டு இருந்தது. ஒயரிங் செய்த அன்று அதைப் போட்டவன் நான். ராயப்பன் இல்லை. அவர் இறந்தது இதனால்தான். விசாரணையில் நான் சொல்லவில்லை.' கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் எண்ணையும் எழுதினான். அந்த எண் இனி எத்தனை நாளைக்கோ. கையாலேயே இரண்டு படி எழுதிக்கொண்டு, அசலை ஆபீஸ் அறையில் தட்சிணாமூர்த்தியின் மேஜைமேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துப் போட்டோ அனுப்பினான்.

ஒரு நிமிஷத்தில் போன் வந்தது.

"என்ன ரூபஸ், இதெல்லாம் எதுக்கு? இவ்ளோ நெகட்டிவா இருக்கே. எர்த் இப்ப ஓகேதானே? அதை மட்டும் எழுதுங்க."

"அதேதான் இன்னொரு காப்பி எலெக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போகுது சார். உங்க அடுத்த பேச்சுல சொல்றப்போ பேரை மாத்திச் சொல்லுங்க. ரூபஸ். சின்னப் பேருதான், வாயில நிக்கும்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

இன்னொரு படியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆவடிக்குப் போனான். தெரசா எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். கரண்ட் இல்லாததால் அவளுக்கும் லீவு. கதவு திறந்தே இருந்தது. மணி இரண்டு நாற்பது.

"வாங்கண்ணே" என்றாள், எதிர்பார்த்தவள்போல.

காகிதத்தை நீட்டினான். அவள் நின்றபடியே படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாக. மடித்து மாதா படத்துக்குப் பின்னால் சொருகினாள்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"நீங்க போட்டதுன்னு. அதைக் கழட்டத்தான் அவர் போனார். ரூபஸ் காதுக்குப் போகக் கூடாது, தெரிஞ்சா ஒடைஞ்சுபோயிருவான், நீயும் சொல்லாதன்னார்."

"ஆறு வருஷமா தெரியுமா தங்கச்சி? ஸ்வீட்லின் காலேஜ்ல அந்த ஆளு அப்படிப் பேசினப்பவும்..."

"சொல்லாதன்னாரே. நீங்களா வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நாளாக்கிட்டீங்க."

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது.

"அன்னிக்குக் காலையில கிளம்புறப்போ சொன்னானா?"

"காலையிலயா?" தெரசா அவனைப் பார்த்தாள். "காலையில நான் பூசைக்குப் போயிட்டேன். அவர் எங்க போனார்னே எனக்குத் தெரியாது. சொன்னது சாயந்திரம்ணே. ஆறு மணி இருக்கும்."

அன்று ஆறு மணிக்கு ரூபஸ் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போய் முகத்தைப் பார்த்து, ஆமாம் இவன்தான் என்று கையெழுத்துப் போட்டிருந்தான். அதற்கப்புறம்தான் தைரியம் வந்து தெரசாவுக்குப் போன் செய்தான்.

"இந்த வாசல்லதான் நின்னார்" என்றாள் அவள். "ரெண்டு கையையும் பின்னாடி மறைச்சுக்கிட்டு. சொல்ல வேண்டியதைச் சொன்னார். உள்ள வாங்க, சோறு போடுறேன்னேன். ரூபஸ் வரட்டும், சேந்து சாப்பிடுறோம்னார். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். அப்பத்தான் உங்க போன் அடிச்சுது."

அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. "இன்னிக்கு ஒரு மணிக்குக் கேட்டை யாரோ மூணு தட்டு தட்டினாங்க" என்றாள் உள்ளேயிருந்தே. "போய்ப் பாத்தேன். யாரும் இல்ல. சரி, வரீங்கன்னு உலை வச்சேன்."

தட்டுகளோடு வந்து தரையில் வைத்தாள்.

மூன்று தட்டு.

ரூபஸ் உட்கார்ந்தான். தெரசா அவனுக்குப் போட்டாள். பக்கத்துத் தட்டுக்கும் போட்டாள். மூன்றாவதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சாப்பிடுங்கண்ணே" என்றாள். "அவருக்குப் பசி தாங்காது."